சொகுசுக் கப்பலில் முதன்முறை ஏறுவோருக்குக் கரையிலேயே சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில் தங்கள் நாளிதழில் வரும் சிங்கப்பூர், மலேசியா சுற்றுலா விளம்பரங்களில் ‘மூன்று இரவு சொகுசுக் கப்பல்’ என்ற வரியும் இப்போதெல்லாம் தவறாமல் இடம்பெறுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்த பிறகு, கப்பல் பயணம் நமக்கும் எட்டக்கூடியதுதான் என்ற எண்ணம் நம் ஊர்க் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதியரும், பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாத்தா பாட்டிகளும் கப்பலேறுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நான் 21 ஆண்டுகள் பன்னாட்டுப் பயணியர் கப்பல்களில் வேலை பார்த்தவன். உணவுக்கூடத்தில் உதவிப் பரிமாறுநராகச் சேர்ந்து, கடைசி எட்டு ஆண்டுகள் பயணியர் உதவி மேசையில் இருந்தேன். அந்த மேசைக்கு முன்னால் கலங்கிய முகத்தோடு வந்து நின்று, என் சட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் ‘தம்பி, தமிழா?’ என்று கேட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பட்ட துன்பங்களில் பெரும்பாலானவை, பயணச்சீட்டு எடுத்த அன்றே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கியிருந்தால் நேர்ந்தே இருக்காதவை. விளம்பரம் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் கடவுச்சீட்டும் விசாவும். சிங்கப்பூரில் புறப்பட்டு மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பலில் போகிறவர், சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு. கப்பலிலிருந்து இறங்குவது இன்னொரு நுழைவு. ஆகவே, பல முறை நுழைய இடம் தரும் விசாதானா என்று கையில் வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வழியில் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பக் கூடாது. கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் விசா வேண்டும் என்று சொல்லும் நாடுகள் உண்டு.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சியாட்டில் நகரிலிருந்து அலாஸ்கா செல்லும் கப்பல்கள் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் இதற்குக் காரணம். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறு நாட்டின் துறைமுகம் ஒன்றையாவது தொடாமல் மீண்டும் அமெரிக்காவில் இறக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களிடம் கனடா விசா கேட்கப்படும். ஒரு கோடையில், பயணியர் முனையத்தில் நான் உதவிக்கு நின்றபோது, மகனும் மருமகளும் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்ததால் அவர்களுக்கு அந்த விசா தேவைப்படாதிருக்க, ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரிடம் மட்டும் கனடா விசா இல்லாத ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அந்த அம்மா, ‘நீங்க போயிட்டு வாங்கப்பா, நாங்க வீட்ல இருக்கோம்’ என்று மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நால்வரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கட்டிய பணம் போனது. முன்பதிவு செய்த மகன் விசா விதியைத் தனக்குப் பார்த்தாரே தவிர, பெற்றோருக்குத் தனியாகப் பார்க்கவில்லை.

அடுத்தது பணம். ‘ஒருவருக்கு இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படும் தொகை, ஒரே கேபினில் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போகிறவர் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரிகளும் அந்தத் தொகையில் அடங்கியிருக்கின்றனவா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல், பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்று ஒரு தொகை நாள்தோறும் ஒவ்வொருவர் கணக்கிலும் தானாகவே சேரும். அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் இது பெரும்பாலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கும், குழந்தைக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுகளுக்கு 288 டாலர் ஆகிறது. கடைசி நாள் காலையில் அந்தக் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, ‘நாங்கள் யாருக்கும் டிப்ஸ் கொடுப்பதாகச் சொல்லவில்லையே’ என்று என்னிடம் வந்து நின்றவர்கள் ஏராளம். அவர்கள்மேல் தவறில்லை, அவர்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. ஊரிலேயே இத்தொகையையும் சேர்த்துக் கட்டிவிட வழியுண்டு என்பதைப் பயண முகவரிடம் கேட்டால் அவர் செய்து தருவார். குளிர்பானம், மது, தனி உணவகங்கள், இணையம், கரையில் ஊர் சுற்றிக் காட்டும் பேருந்து ஆகியவற்றுக்கும் தனிக் கட்டணம்தான். பானங்களின் விலைமேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ப்பதும் பல கப்பல்களில் வழக்கம். கேபினில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் விலை உண்டு. ஆனால் குழாயில் வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. கப்பலில் நாங்கள் அனைவரும் அதையே குடித்தோம்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது தரும் அட்டைதான் கதவுக்குச் சாவி, கடைக்குப் பணம், கரைக்குப் போய் வர அடையாளம். அந்த அட்டையோடு இணைப்பதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுப்பதே நல்லது. டெபிட் கார்டையோ முன்பணம் ஏற்றிய பயணக் கார்டையோ இணைத்தால், நீங்கள் செலவு செய்வதற்கு முன்பே ஒரு தொகை பிடித்து வைக்கப்படும். செலவாகாத பணமும் ஊர் திரும்பிப் பல நாள் கழித்தே விடுபடும். கையில் இருப்பதே அந்த ஒரு கார்டுதான் என்ற நிலையில் கரையில் இறங்கி, தேநீர் குடிக்கக்கூடப் பணம் எடுக்க முடியாமல் திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபின் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இதில்தான் நம்மவர்கள் பணத்தை அதிகமாகக் கொடுத்துத் தூக்கத்தை இழக்கிறார்கள். உயரமான தளம் என்றால் உயர்வான கேபின் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும்போது அதில் குறையில்லை. அலை எழும்போதோ, தராசின் நடுமுள் அசையாதிருக்க இரு தட்டுகளும் ஏறி இறங்குவதுபோல, கப்பலின் நடுப்பகுதி அடங்கியிருக்க, எங்கள் பகுதி மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையும், பின்முனையும் ஏறி இறங்கும். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். நவீனக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற அமைப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கின்றன. முன்பின்னாக எழுந்து விழும் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது. ஆகவே தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும், கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில் ஒன்றில் இருக்கும் சாதாரண கேபினே, முன்முனையில் உயரத்தில் இருக்கும் பால்கனி கேபினைவிடச் சுகமானது.

இரண்டாவது, ஓசை. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் கேபினில் விடியற்காலையிலேயே தலைக்கு மேல் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். அரங்கத்துக்கு மேலோ நடனக் கூடத்துக்கு அடுத்தோ அமைந்த கேபினில் நள்ளிரவு வரை இசை அதிரும். கப்பலின் தளவாரியான வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதை விரித்து வைத்து, உங்களுக்கு ஒதுக்கும் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பக்கத்துக் கேபினோடு இணைக்கும் உள்கதவு உள்ள கேபின், பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வரம். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் அவர் இருமுவதும் கேட்கும். கேபின் எண்ணை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் மலிவுச் சீட்டை எடுத்தால் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள், குளியலறை வாசற்படி இல்லாத, கைப்பிடி பொருத்திய கேபின் வேண்டுமென்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். அத்தகைய கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு, ஆனால் சிலவே உண்டு.

கப்பல் புறப்படும் நாளன்று காலையில் விமானத்தில் வந்து இறங்கி, மாலையில் ஏறிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். சென்னை விமானம் மூன்று மணி நேரம் தாமதமானது என்பதற்காகக் கப்பல் நிற்காது. முந்தைய நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவது செலவுதான் என்றாலும் செய்ய வேண்டிய செலவு.

முனைய வாசலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போடும் மாத்திரைகளையும், இன்சுலினையும், கடவுச்சீட்டையும், ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாலை ஏழு மணிக்கு மாத்திரை பெரிய பெட்டிக்குள், பெட்டி எந்தத் தளத்திலோ என்ற நிலையில் தவித்த ஒரு பெரியவருக்காகப் பெட்டிக் குவியலில் நாங்கள் நால்வர் தேடினோம்.

இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, தீப்பெட்டி, மெழுகுவத்தி ஆகியவற்றைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இந்த வரிசையில் நம் பூஜைப் பொருள்களும் வருகின்றன என்பதை எந்த முகவரும் சொல்வதில்லை. கிருத்திகை விரதம் இருந்த ஒரு பாட்டியின் பெட்டியை ஸ்கேனர் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அலுவலர் முன்னால் பெட்டியைத் திறந்தபோது, மஞ்சள் துணியில் முடிந்த சிறிய பித்தளை விளக்கும், ஒரு டப்பா கற்பூரமும், தீப்பெட்டியும், பிளாஸ்டிக் உறையில் முருகன் படமும் இருந்தன. அந்த அலுவலருக்குக் கற்பூரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. விரலால் எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் விளக்கியதும் விளக்கையும் படத்தையும் கொடுத்துவிட்டு, கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார். பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விதி நியாயமானது. நடுக்கடலில் தீ பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை. 2006 மார்ச் மாதம் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் பால்கனியில் விழுந்த ஒரு சிகரெட் துண்டே தீக்குக் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கேபின்கள் சேதமாயின. பால்கனிக் கம்பியில் ஈரத் துணியை உலர்த்த வேண்டாம் என்று பணியாளர் கேட்டுக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

கப்பல் புறப்படுவதற்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடத்தப்படவே இல்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதன் பிறகுதான், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று உலக விதி மாற்றப்பட்டது. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், உங்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். பல கப்பல்களில் இப்போது பயிற்சியின் ஒரு பகுதியைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்தால் போதும். அப்படிப் போகும்போது மின்தூக்கியில் போகாமல், அவசரத்தில் பயன்படுத்த வேண்டிய படிக்கட்டு வழியாகவே தாத்தா பாட்டியையும் மெல்ல அழைத்துச் சென்று, அந்த வழியைக் கண்ணில் பதிய வையுங்கள்.

சாப்பாடு பற்றிய கவலைதான் நம்மவர்களுக்கு முதலில் வருகிறது. உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டாதது அதுதான். பொது உணவுக்கூடமும் தானே எடுத்துச் சாப்பிடும் கூடமும் கட்டணத்தில் அடங்கியவை. சிங்கப்பூரிலிருந்து செல்லும் கப்பல்களில் இந்திய உணவு நாள்தோறும் இருக்கும். ஆனால் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. பல நாட்டுச் சமையற்காரர்கள் இருக்கும் அடுக்களையில் அந்தச் சொல்லுக்குள் முட்டையும் அடங்கும். தாய்லாந்து, சீன வகைகளில் மீன் சாறு சேர்வதை அவர்கள் அசைவமாகக் கருதாமலும் இருக்கலாம். முட்டையும் மீன் சாறும் இறைச்சி வேகவைத்த நீரும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் ஜைன உணவு என்று முன்பதிவிலேயே குறிப்பிடலாம். முதல் நாள் இரவே உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநரை அழைத்து உங்கள் தேவையைச் சொல்லிவிட்டால், அவர் மறுநாளைய உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டி, வேண்டியதைக் குறித்துக்கொள்வார். நானே எத்தனையோ இரவுகளில், ‘நாளைக்கு வெறும் சாதமும் தயிரும் ஊறுகாயும் கிடைக்குமா?’ என்ற கோரிக்கையை அடுக்களைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். கிடைக்காமல் போனதில்லை.

உணவுக்கூட வாசலில் கையைக் கழுவச் சொல்லி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரைத் தாண்டிப் போகாதீர்கள். கப்பலில் வேகமாகப் பரவும் நோரோவைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

கடல் ஆட்டம் சேராதவர்கள் மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். இஞ்சி மரப்பாவும் பச்சை ஆப்பிளும் கப்பல்காரர்களின் கைமருந்து. வயிற்றைக் காலியாக விடாமல், திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் பலருக்குத் தெளிந்துவிடும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளத்து நீர்போல் இருக்கும். அதைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையை எழுப்பும். தேதி உங்கள் கையில் இருந்தால் ஆண்டின் முதல் மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். கப்பல் மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும் கட்டணம் உண்டு, அதுவும் அதிகம். நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்கு அனுப்பும் செலவையும் ஏற்கும் காப்பீடுதானா என்று கேட்டு எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கப்பல் பயணத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். 24 வாரம் நிறைந்த கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி: கப்பலின் நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன; தாய்லாந்தோ அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. நான் இருந்த கப்பல் புக்கெட் சென்றாலும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. ஆனால் பயணியின் கைப்பேசி கரையைத் தொட்டதும் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்குச் சிறு படகுகளில்தான் போய் வர வேண்டும். ஒருநாள் கடைசிப் படகு கப்பல் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு. விடுப்பு நேரத்தில் கரைக்குப் போயிருந்த நானும் அந்தப் படகில்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்க்கப் பணியாளர் குனிந்த நேரத்தில், திருநெல்வேலிப் பக்கத்து வயதான தம்பதியர் மங்குஸ்தான் பழப் பையோடு, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று கூப்பிட்டேன். அந்தப் பெரியவர் கைப்பேசியை உயர்த்திக் காட்டி, ‘மூணு அம்பத்தெட்டுதானே தம்பி ஆகுது, அஞ்சு மணிக்குத்தானே போட்டு?’ என்றார். கப்பலின் கடிகாரத்தில் அப்போது நான்கு ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் அவர்கள் கண் முன்னாலேயே படகு போயிருக்கும். அவர்கள் குழுவிலேயே வந்த இன்னொரு குடும்பம் அப்படித்தான் கரையில் நின்றுபோனது. அவர்கள் கேபினில் இருந்த கடவுச்சீட்டுகளை நாங்கள் எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்தோம்; அவர்கள் சொந்தச் செலவில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு மருந்து எளிது. முள் வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், கப்பலேறிய அன்று கப்பல் நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். இறங்கும் வரை அதை மாற்றாதீர்கள். கப்பலில் நாள்தோறும் தரும் நிகழ்ச்சித் தாளில் திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரமும் உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். கரைக்குப் போகுமுன் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த வாடகை வண்டிக்காகக் காத்திருக்காது. அலை இருந்தால், படகிலிருந்து கரைக்குக் கால் எடுத்து வைப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம் என்பதையும், சக்கர நாற்காலியை அத்தகைய படகில் ஏற்ற முடியாமலே போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டிய சுவெட்டன்ஹம் துறையிலேயே கட்டப்படும். விலையுயர்ந்த சுற்றுலா எதுவும் தேவைப்படாத ஊர் அது. இறங்கி மெதுவாக நடந்தாலே 1833ஆம் ஆண்டு கட்டப்பட்ட குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கும், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய சூலியா தெருவில் நாகூர் தர்காவுக்கும் போய்விடலாம். தமிழிலேயே விலை கேட்டு இட்லி சாப்பிடலாம். ஆனால் போர்ட் கிள்ளானில் நிற்கும் கப்பலிலிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பத்துமலை முருகனையும் இரட்டைக் கோபுரத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று உள்ளூர் வண்டிக்காரர் சொன்னால், திரும்பும் நேரத்து நெரிசலையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைக் கப்பல் புறப்பட்டதும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பேசாமலே கட்டணத்தை ஏற்றிவிடும். நீச்சல்குளத்தில் நீச்சல் உடையோடுதான் இறங்கலாம்; சுடிதார், பனியனோடு இறங்க விடமாட்டார்கள் என்பதால் உடல் முழுதும் மூடும் நீச்சல் உடையை ஊரிலேயே வாங்கிக்கொள்வது பெண்களுக்கு வசதி. கப்பல் புகைப்படக்காரர் எத்தனை படம் எடுத்தாலும் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

கடைசி இரவு, பெரிய பெட்டிகளில் வண்ணச் சீட்டைக் கட்டி, பத்து பதினொரு மணிக்குள் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள்; மறுநாள் அவற்றை முனையத்தில்தான் பார்ப்பீர்கள். எல்லாத் துணியையும் உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, காலையில் உடுத்த ஒன்றுமில்லாமல் இரவு உடையோடு வரிசையில் நிற்க நேர்ந்த பெண்களின் சங்கடத்தை நான் பார்த்திருக்கிறேன். காலையில் உடுத்தும் துணி, செருப்பு, மாத்திரை, கடவுச்சீட்டு ஆகிய நான்கையும் கட்டிலின்மேல் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.

உங்கள் கேபினைக் காலையும் மாலையும் சுத்தம் செய்தவர், ஆறு முதல் ஒன்பது மாதம் வரை விடுமுறை நாளே இல்லாமல், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்கிறவர். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பயண முடிவில் வரும் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரியை மேலதிகாரிகள் படிக்கிறார்கள். அடுத்த ஒப்பந்தத்திலும் பதவி உயர்விலும் அது எண்ணப்படுகிறது. என்னை உணவுக்கூடத்திலிருந்து உதவி மேசைக்கு உயர்த்தியதில் முகம் மறந்துபோன பல பயணிகள் எழுதிய அத்தகைய வரிகளுக்குப் பங்குண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரங்களைப் பெறும்போது, துறைமுகக் கட்டணமும் அன்பளிப்பும் உட்பட ஒருவருக்கு ஆகும் முழுத் தொகை, எந்தெந்த நாட்டு விசா தேவை, எந்தத் துறைமுகத்தில் படகில் இறங்க வேண்டும் ஆகிய மூன்றையும் படிக்கத்தக்க எழுத்தில் தமிழில் அச்சிடுமாறு விளம்பரதாரர்களைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுலா நிறுவனங்களும் சீட்டோடு சேர்த்து இம்மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாளைப் பிள்ளைகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதாது. பயணம் போகும் பெரியவர்களின் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பணியாளர்,
தூத்துக்குடி.